டிராகன் குவெஸ்ட் 12 வரும்வரை: புதியவர் எங்கிருந்து தொடங்குவது?

2021 மே 27 அன்று, டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரின் 35 ஆண்டு நிறைவையொட்டி அதன் பதிப்பாளரான ஸ்குவேர் எனிக்ஸ் நடத்திய நேரலையின் இறுதியில், நெருப்புக்கு நடுவே ஒரு பெயர் மட்டும் திரையில் தோன்றியது. தொடரின் 12ஆம் பாகத்துக்கு ஆங்கிலத்தில் ‘தி ஃப்ளேம்ஸ் ஆஃப் ஃபேட்’ என்று துணைப்பெயர் வைத்திருந்தார்கள். நாயகனின் முகமோ, ஓர் ஊரோ, வெளியீட்டு நாளோ அதில் இல்லை. அந்த ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு உலகெங்கும் ரசிகர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். இத்தொடரை இதுவரை தொட்டதே இல்லை, ஆனால் 12ஆம் பாகம் வரும்போது மற்றவர்களோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

அறிவிப்பு நாளில் தொடரின் தந்தையான யூஜி ஹோரி சில செய்திகளைச் சொன்னார். புதிய பாகம் பெரியவர்களுக்கான, சற்று இருண்ட சாயல் கொண்ட கதையாக இருக்கும். விளையாடுபவர் தாமே முடிவெடுக்க வேண்டிய கட்டங்கள் பல வரும். உலகமெங்கும் ஒரே நேரத்தில் வெளியிடுவதே நோக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலிலிருந்து கட்டளையைத் தேர்ந்து சண்டையிடும் பழைய முறை புதுப்பிக்கப்படும், ஆனால் அடியோடு கைவிடப்படாது. இவற்றுள் கடைசிச் செய்திதான் ரசிகர்களை அதிகம் பேச வைத்தது. 1986இல் முதல் பாகம் வந்த நாளிலிருந்து இத்தொடரில் மாறாமல் இருப்பவை மிகப் பல. எது மாறாமல் இருந்தது என்று கைப்பழக்கமாகத் தெரிந்தவருக்குத்தான் 12ஆம் பாகம் எதை மாற்றியிருக்கிறது என்பது புலப்படும். மற்றவர்களுக்கு அது இன்னொரு ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம் (கதையின் பாத்திரமாகவே நடந்து ஆடும் விளையாட்டு) என்பதோடு முடிந்துவிடும். ஆகவே காத்திருக்கும் காலத்தை வதந்தி தேடுவதில் கழிக்காமல் அந்தப் பழக்கத்தைப் பெறுவதில் கழிப்பதே சரி என்பது என் கருத்து.

முதலில், செய்யக் கூடாத ஒன்று

‘முதல் பாகத்தில் தொடங்கி வரிசையாக விளையாடு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சில பாகங்களைத் தவிர மற்றவை தனித்தனிக் கதைகள். ஆறாம் பாகத்தை விளையாடாமல் எட்டாம் பாகத்துக்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. 2012இல் வந்த பத்தாம் பாகம் ஜப்பானியர்களுக்கான இணைய விளையாட்டு. ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வெளிவரவே இல்லை. 1986இன் மூல விளையாட்டைத் தேடிப் பிடித்து ஓடவிடுவதும் தொடக்கத்துக்கு உகந்த வழி அல்ல. 64 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள் ஓர் உலகத்தையே அடைக்க வேண்டியிருந்ததால், கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்துகளில் இருபது மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்து, அந்த எழுத்துகளால் எழுதக்கூடிய பெயர்களையே அரக்கர்களுக்கும் மந்திரங்களுக்கும் சூட்டினார்கள். ஆட்டத்தைச் சேமிக்க வசதி இல்லை. அரசர் சொல்லும் இருபது எழுத்து ‘உயிர்ப்பு மந்திரத்தை’த் தாளில் எழுதிவைத்து, மறுநாள் பிழையில்லாமல் தட்டெழுத வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது. ஓர் எழுத்தைத் தவறாகக் குறித்ததால் பல நாள் உழைப்பை இழந்த ஜப்பானியச் சிறுவர்கள் ஏராளம். வரலாறாகப் படிக்க இவை சுவையானவை. விளையாட்டைப் பழக இவற்றினும் எளிய வாசல்கள் இன்று திறந்திருக்கின்றன.

முதல் படி: 11ஆம் பாகத்தின் டெமோ

ஜப்பானில் 2017 ஜூலை 29 அன்றும் பிற நாடுகளில் 2018 செப்டம்பர் 4 அன்றும் வெளியான 11ஆம் பாகமே புதியவருக்கான வாசல். அதன் விரிவாக்கப்பட்ட பதிப்பு ‘எஸ்’ என்ற எழுத்தோடு 2019 செப்டம்பரில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கும், 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றுக்கும் வந்தது. வாங்கும்போது அந்த ‘எஸ்’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிப்புக்கு இலவச டெமோ ஒன்று உண்டு. டெமோ என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துபோகும் துண்டு என்று எண்ண வேண்டாம்; கதையின் முதல் பத்து மணி நேரத்தை ஏறக்குறைய முழுதாகவே தருகிறார்கள், பின்னர் விளையாட்டை வாங்கினால் சேமித்த இடத்திலிருந்தே தொடரவும் முடிகிறது. கதை முழுவதும் முடிக்கச் சுமார் 60 மணி நேரம் பிடிக்கும் என்பதால், காசு கொடுப்பதற்கு முன் இது தமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறில்லை.

தமிழில் இவ்விளையாட்டு இல்லை. ஆங்கிலத்தில்தான் விளையாட வேண்டும். அந்த ஆங்கிலமும் ஒரே சீரானது அல்ல. கொண்டோலியா என்ற துறைமுக நகரத்தார் இத்தாலியச் சாயலோடு பேசுகிறார்கள், ஹாட்டோ என்ற மலையூரார் ஹைக்கூவில் பேசுகிறார்கள், கடற்கன்னியர் எதுகை போட்டே பேசுகிறார்கள். நெல்லையிலிருந்து கோவைக்குப் போனால் பேச்சு மாறுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் நோக்கம் உடனே புரியும். ஒரு சொல் விளங்கவில்லை என்று தயங்க வேண்டாம். அடுத்து எங்கே போக வேண்டும் என்பது வரைபடத்தில் குறிக்கப்பட்டே இருக்கும்.

தொடங்கியதும் அமைப்புகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சண்டையின் வேகத்தை ஒருபடி கூட்டிவையுங்கள். நூற்றுக்கணக்கான சிறு சண்டைகள் வரும் விளையாட்டில் இது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கடினத்தைக் கூட்டும் ‘டிராகோனியன்’ விதிகள் தொடக்கத்திலேயே கண்ணில் படும். அவற்றை முதல் முறை தொடவே வேண்டாம். இதே பதிப்பில் முழு விளையாட்டையும் பழைய இருபரிமாணப் படங்களில் ஆடும் வசதியும் இருக்கிறது. அழகான வசதிதான், ஆனால் நடுவில் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் அந்தக் கதைப்பகுதியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆட நேரும் என்பதை அறிந்துகொண்டு தாவுங்கள்.

இரண்டாம் படி: தொடரின் பழக்கவழக்கங்களைக் கைக்கொள்ளுதல்

இனிச் சொல்பவை 11ஆம் பாகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு பாகத்தில் கற்றால் எல்லாப் பாகங்களுக்கும் உதவும் என்பதாலேயே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

ஊருக்குள் நுழைந்தவுடன் தேவாலயம் எங்கே என்று பாருங்கள். சேமிப்பது, விஷம் முறிப்பது, மாண்ட தோழரை எழுப்புவது, அடுத்த லெவலுக்கு எத்தனை அனுபவப் புள்ளி தேவை என்று கேட்டறிவது ஆகிய எல்லாம் பாதிரியாரிடம்தான் நடக்கும். 11ஆம் பாகத்தில் தானியங்கிச் சேமிப்பும், வழிநெடுகக் கூடாரமடிக்கும் இடங்களில் தேவதைச் சிலைகளும் இருந்தாலும், ஊருக்குள் வந்ததும் பாதிரியாரைப் பார்ப்பது என்ற வழக்கத்தை விடாதீர்கள். அடுத்து, ஊரில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு முறையாவது பேசுங்கள். ஹோரி, விளையாட்டுகளை எழுதத் தொடங்குவதற்கு முன் பத்திரிகைகளில் எழுதியவர். கதையைப் பெரிய காட்சிகளில் கொட்டாமல், கிணற்றடியில் நிற்கும் கிழவியின் வாயில் ஒரு வரியாக வைப்பது அவருடைய வழக்கம். ஊரில் ஏதேனும் நடந்து முடிந்தபின் அதே ஆட்களிடம் மீண்டும் பேசினால் வேறு பதில் வரும். நாயகன் மட்டும் வாய் திறப்பதில்லை. அது குறை அல்ல. நாயகன் நீங்களே என்பதால் உங்களுக்காக இன்னொருவர் பேசக் கூடாது என்பது தொடரின் முதல் நாள் முதலான கொள்கை.

கையில் பொற்காசு சேர்ந்ததும் ஆயுதக் கடைக்குப் போக வேண்டும் என்று மனம் துடிக்கும். முதலில் மூலிகை, பிறகு கவசம், கடைசியில் வாள் என்ற வரிசையைப் பரிந்துரைப்பேன். குழு முழுதும் வீழ்ந்துவிட்டால் பெற்ற அனுபவம் போகாது, ஆனால் கையிருப்புப் பொற்காசில் பாதி போய்விடும் என்பதே இத்தொடரின் மரபான தண்டனை. இதற்காகவே பழைய பாகங்களில் ஊர்தோறும் வங்கி வைத்திருந்தார்கள். ஆகவே பெரிய குகைக்குள் நுழையும் முன் காசைச் செலவழித்துவிடுவது சிக்கனத்துக்கு எதிரானது அல்ல.

சண்டையில் தோழர்களைத் தாமாகவே போரிட விடலாம், அல்லது ஒவ்வொருவருக்கும் நீங்களே கட்டளையிடலாம். சிறு சண்டைகளுக்கு முன்னதும், பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு மோதும் சண்டைகளுக்குப் பின்னதும் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எதிரியைத் தாக்குவதைவிட நம் வலிமையைக் கூட்டுவதும் எதிரியின் காப்பைக் குறைப்பதும் இத்தொடரில் பெரும் பலன் தரும். பாஸ் சண்டையில் தோற்றுக்கொண்டே இருப்பவர்களைக் கவனித்தால், அவர்களில் பெரும்பாலோர் அந்தத் துணை மந்திரங்களை ஒரு முறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

மெட்டல் ஸ்லைமைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ஸ்லைம் என்ற அந்தச் சிரித்த முகத்து நீலத் துளியை ஹோரி ஒரு கூழ்க்கட்டியாகத்தான் கிறுக்கிக் கொடுத்தார். ஓவியர் அகிரா தொரியாமா அதன் தலையைக் கூராக இழுத்து, வெங்காய வடிவம் கொடுத்து, அனைவருக்கும் பிடித்த உருவமாக்கினார். அதன் வெள்ளி நிற உறவினர்தான் மெட்டல் ஸ்லைம். அதற்கு உயிர்ப்புள்ளிகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை; ஆனால் எவ்வளவு பெரிய வாளால் வெட்டினாலும் பெரும்பாலும் ஒரு புள்ளிதான் குறையும், மந்திரம் பலிக்காது, பல நேரம் இரண்டு சுற்றுக்குள் ஓடிவிடும். கொன்றுவிட்டால் சாதாரண அரக்கர்கள் பல பேருக்கு ஈடான அனுபவம் ஒரே அடியில் கிடைக்கும். முதல் முறை அது என் முன் வந்தபோது மூன்று அடி சரியாக விழுந்து, நான்காவது ஆள் வாளை ஓங்கும் முன் அது மறைந்துபோனது. அன்றிரவு அதே புல்வெளியை ஒரு மணி நேரம் சுற்றிவந்தேன். உங்களுக்கும் அப்படி ஓர் இரவு வரும். அது வந்துவிட்டால் இத்தொடர் உங்களைப் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

இறுதியாக ஒன்று: 11ஆம் பாகத்தில் கதை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடிய பிறகு சேமிப்பை அழித்துவிடாதீர்கள், மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் கதையைச் சொன்னவனாவேன்.

மூன்றாம் படி: மூன்று, ஒன்று, இரண்டு

எண்ணிக்கை தெரியாமல் எழுதிய தலைப்பு அல்ல இது. முதல் மூன்று பாகங்களும் எர்ட்ரிக் என்ற வீரனின் பெயரால் இணைந்த ஒரே கதை. அதில் காலத்தால் முந்தியது மூன்றாம் பாகம். எச்டி-2டி என்று அழைக்கப்படும் முறையில், அதாவது புள்ளிகளால் வரைந்த மனிதர்களை முப்பரிமாண ஒளியும் நிழலும் கொண்ட நிலத்தில் நடமாட விடும் முறையில், மூன்றாம் பாகம் 2024 நவம்பர் 14 அன்றும், முதலிரண்டு பாகங்கள் ஒரே தொகுப்பாக 2025 அக்டோபர் 30 அன்றும் மறுவாக்கம் பெற்று வந்தன. பதிப்பாளரே மூன்றாம் பாகத்தை முதலில் வெளியிட்டார். நீங்களும் அதே வரிசையில் செல்லுங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: இவை பிளேஸ்டேஷன் 4இல் ஓடாது. பழைய கருவி மட்டுமே வைத்திருப்பவர்கள் 11ஆம் பாகத்தோடு நின்றுகொள்ள வேண்டும், அல்லது ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாகக் கணினியில் ஆட வேண்டும்.

மூன்றாம் பாகம் ஏன் முக்கியம் என்பதற்கு 1988 பிப்ரவரி 10 சாட்சி. அது ஒரு புதன்கிழமை. விளையாட்டு அன்றே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பள்ளிக்குப் போகாமல் கடை வாசலில் வரிசையில் நின்ற மாணவர்கள் பலரைப் போலீசார் பிடித்தார்கள். இதனால் வேலை நாளில் டிராகன் குவெஸ்ட் வெளியிடக் கூடாது என்று ஜப்பான் சட்டமே இயற்றியது என்று இன்றும் எழுதுகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. பதிப்பாளர்தான் விடுமுறை நாள்களைத் தேர்ந்தெடுத்தார்: நான்காம் பாகம் ஞாயிறு, ஐந்தாம் பாகம் ஞாயிறு, ஆறு முதல் ஒன்பது வரை அனைத்தும் சனி.

இங்கே நீங்கள் எதிர்கொள்ளும் முதல் சிக்கல் குழுவை அமைப்பது. 11ஆம் பாகத்தில் தோழர்கள் கதையோடு வந்து சேர்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் ஒரு மதுக்கடைக்குப் போய், தொழிலும் பெயரும் கொடுத்து நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். நாயகனோடு ஒரு போர்வீரர் அல்லது மல்லர், ஒரு பாதிரியார், ஒரு மந்திரவாதி என்ற பழைய அமைப்பு எந்தக் காலத்திலும் கைவிடாது. மறுவாக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ‘மான்ஸ்டர் ராங்லர்’ என்ற தொழிலையும் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். உலகில் அங்கங்கே ஒளிந்திருக்கும் நட்பு அரக்கர்களைச் சேர்க்கச் சேர்க்க அவருடைய தாக்குதல் வலுக்கும் என்பதால், ஊர்சுற்றிப் பார்க்கும் உங்கள் ஆர்வத்துக்கு அது கூலி கொடுக்கும். ‘கேடபவுட்’ என்று திரையில் தெரியும் கோமாளியை யாரும் மதிப்பதில்லை. சண்டையின் நடுவில் கட்டளையை மீறிக் கூத்தடிப்பார். ஆனால் அவர் 20ஆம் லெவலை எட்டினால், மற்றவர்களுக்கு ஓர் அரிய நூல் தேவைப்படும் ஞானி என்ற தொழிலுக்கு அவர் நூலின்றியே போகலாம். ஊதாரித்தனமாக வாழ்ந்து பின்பு ஞானம் அடைந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்லவே.

தொழில் மாற்றம் ஆல்ட்ரேட்ஸ் அபே என்ற மடத்தில் நடக்கும். 20ஆம் லெவலில் தொழிலை மாற்றினால் கற்ற மந்திரங்கள் நிலைக்கும், ஆனால் லெவல் ஒன்றுக்கு இறங்கி, உடல்வலிமை ஏறக்குறையப் பாதியாகும். நான் மடத்தை அடைந்த மகிழ்ச்சியில் மூவரின் தொழிலையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு வெளியே வந்தேன். வாசலைத் தாண்டி இருபதடி போவதற்குள் மூவரும் சவப்பெட்டிகளாக நாயகனின் பின்னால் வரிசையாக வந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் மாற்றுங்கள், அவர் தேறியபின் அடுத்தவரை.

கடினநிலை மூன்றில் நடுவில் உள்ளதைத் தேர்ந்தால் போதும். எளிய நிலையில் உயிர்ப்புள்ளி ஒன்றுக்குக் கீழே இறங்குவதே இல்லை, அதாவது சாவே கிடையாது. கதையை மட்டும் பார்க்க விரும்பும் சிறுவர்களுக்கு அது நல்லது, ஆனால் மேலே சொன்ன பழக்கம் எதுவும் அதில் படியாது. இம்மூன்றையும் முடித்து இன்னும் பொறுமை மிஞ்சியிருப்பவர்களுக்கு, 2026 பிப்ரவரி 5 அன்று மறுவாக்கமாக வந்த ஏழாம் பாகம் இருக்கிறது.

நான்காம் படி: செய்தியைப் படிக்கும் முறை

மே 27ஐ நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 1986இல் முதல் பாகம் வெளியான நாள் என்பதால் அது ‘டிராகன் குவெஸ்ட் தினம்’. பெரிய அறிவிப்புகளும் ஹோரியின் வார்த்தைகளும் அந்நாளையொட்டி வருவது வழக்கம். அதிகாரபூர்வக் கணக்கில் வராத ‘கசிந்த’ படங்களை நம்பிப் பகிர்வதால் உங்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

தாமதத்தைக் கண்டு துவளவும் வேண்டாம். ஏழாம் பாகம் பிளேஸ்டேஷனுக்கு வருவதாக 1997 ஜனவரியில் அறிவித்தார்கள். பல முறை தள்ளிப்போய் 2000 ஆகஸ்ட் 26 அன்றுதான் வந்தது. ஒன்பதாம் பாகத்தை 2009 மார்ச் 28 என்று நாள் குறித்த பிறகும், பிழைகள் இருப்பதாகச் சொல்லி ஜூலை 11க்குத் தள்ளினார்கள். இரண்டுமே வந்த பிறகு ஜப்பானில் நாற்பது லட்சத்தைத் தாண்டி விற்றன. 12ஆம் பாகத்தின் காத்திருப்பு இவற்றையும் விஞ்சியது. அதற்கு நடுவில் நேர்ந்த இழப்புகளும் பெரியவை. முதல் பாகத்திலிருந்து இசையமைத்துவந்த கொய்ச்சி சுகியாமா 2021 செப்டம்பர் 30 அன்று 90 வயதில் மறைந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா அணிவகுப்பு இத்தொடருக்கு அவர் எழுதிய தொடக்க இசையோடு ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் எழுதிய மெட்டு அது, ஆனால் ஐந்து நிமிடத்தோடு 54 ஆண்டு வாழ்க்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்வதுண்டு. தொரியாமா 2024 மார்ச் 1 அன்று மறைந்தார். 12ஆம் பாகம் அவ்விருவரின் இறுதிப் படைப்பாக அமைவதால் அதற்குத் தகுதியான ஒன்றாக அதைச் செய்ய வேண்டும் என்று அவ்வாண்டின் டிராகன் குவெஸ்ட் தினத்தில் ஹோரி எழுதினார். அவசரப்படுத்த வேண்டிய விளையாட்டு இதுவல்ல என்று எனக்கு அன்று தோன்றியது.

முன்பதிவுக்கும் அவசரம் வேண்டாம். வட்டாகவோ கார்ட்டாகவோ வாங்குபவர்கள் எந்தப் பகுதிக்கான பதிப்பு, என்னென்ன மொழிகள் உள்ளன என்று உறையின் பின்பக்கத்தைப் படித்தபின் பணம் கட்டுங்கள். 11ஆம் பாகத்துக்கு நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கான பதிப்பு ஒன்று உண்டு; அது ஜப்பானைத் தாண்டி வெளிவரவில்லை. பாதி விலைக்குக் கிடைத்தது என்று பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் அதை வாங்கிய என் நண்பர், அந்தக் கருவியும் பகுதிக்குப் பகுதி பூட்டப்பட்டது என்பதை அறிந்த பின், அதை அலமாரியில் அழகுப் பொருளாக வைத்திருக்கிறார்.

வெளியாகும் நாளில்

முந்தைய நாளே காணொளித் தளங்களின் பக்கம் போவதை நிறுத்திவிடுங்கள். இறுதி பாஸின் முகத்தை முகப்புப் படமாகப் போடுவதற்கு யாரும் ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. தொடக்கத்திலேயே சண்டைக் கட்டளைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, முதல் பத்துச் சண்டைகளில் பட்டியல் எந்த இடத்தில் பழையபடி இருக்கிறது, எந்த இடத்தில் விலகுகிறது என்று பாருங்கள். முதல் ஊரில் தேவாலயம் இருக்கிறதா, பாதிரியார் இன்னும் அதே கேள்விகளைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கிணற்றடியில் யாராவது நின்றால், கதை எவ்வளவு அவசரமாக அழைத்தாலும், ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போங்கள்.